ஹமகிரியின் கிண்ணம்

காவிரிக்கரை அம்மா மண்டபம் ஸ்டாப்பில் இறங்கி, டோனி தன் அக்கா வீட்டுக்கு நடந்தபோது வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வாசல் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே கால் வைத்ததும் ஈரமான உப்பு வாடை. காவிரிக்கு அப்படி ஒரு வாடை கிடையாது.

"அம்மா உன்னைக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாங்கக்கா. நாளைக்கு மச்சானுக்கு நினைவுப் பூசை."

"உயிரோட இருக்கறவருக்கு எதுக்குடா நினைவுப் பூசை?" என்றாள் ஜெஸ்லின்.

அவள் கணவன் ஆஷ்லி சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன். போன வருடம் ஜப்பான் கடலில் ஒரு புயல். மேல்தளத்திலிருந்து அலை அவனை இழுத்துப் போய்விட்டது. உடல் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து ஜெஸ்லின் இந்த வீட்டை விட்டு நகரவில்லை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

சுவரில் ஆஷ்லி அனுப்பிய படம். மூன்று பாய்மரங்கள், நடுவே ஒரு புகைபோக்கி. ஹமகிரி என்ற பழைய ஜப்பானியப் போர்க்கப்பல். கடைசியாகப் பேசிய அன்று அதன் கதையைத்தான் அவளுக்குச் சொன்னான். காற்று இருந்தால் பாய் விரிக்கும். காற்று விழுந்தால் நிலக்கரி எரித்து நீராவியில் போகும். ஒரு போரில் பீரங்கியால் சுட்டது. அடுத்த போரில் காயம்பட்டவர்களைச் சுமந்தது. வயதானபின் பயிற்சிக் கப்பலானது. ஒரு புயலில், பாய் சுருட்ட மேலே ஏறிய பையன்களைக் கடல் கொண்டுபோனது.

அதன்பின், உடைத்துப் பழைய இரும்பாக்கும்வரை, அந்தக் கப்பலில் வேளைதோறும் அவர்களுக்கும் சோறு வைத்து மூடினார்கள். தூரம் போனவருக்கு அப்படி வைப்பது அந்த நாட்டு வழக்கம். மூடியின் உள்பக்கம் வேர்த்திருந்தால் போனவர் உயிரோடு இருக்கிறார்.

படத்தின் கீழே ஒரு எவர்சில்வர் கிண்ணம். ஜெஸ்லின் அப்போதுதான் சோறு போட்டு மூடியிருந்தாள்.

"சுடுசோத்தை மூடினா வேர்க்காம பாட்டா பாடும்?" என்றான் டோனி.

"கிண்டல் பண்ணாத. மூடி ஒருநாள் காஞ்சிருக்கட்டும். அன்னிக்கே உன்கூட வரேன்."

"சரி, கப்பலை உடைச்சப்புறம் அந்தப் பசங்களுக்கு யாருக்கா சோறு வெச்சது?"

"அதை அவரு சொல்லலை."

மழை சடசடவென்று இறங்கியது. காயும் துணியை எடுக்க அவள் மாடிக்கு ஓடினாள்.

டோனி எழுந்தான். சுடுசோற்றை வேறு பாத்திரத்தில் கொட்டினான். கிண்ணத்தையும் மூடியையும் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தான். காலையில் வடித்து ஆறிப்போயிருந்த சோற்றை நிரப்பி மூடி வைத்தான்.

இன்றாவது அவள் அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள்.

ஈரத் தலையோடு வந்த ஜெஸ்லின் மண்டியிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். மூடியைத் தூக்கினாள்.

நீர் கொட்டியது.

சொட்டவில்லை. கொட்டியது.

"பாத்தியாடா? பாத்தியா?" அவள் மூடியை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

டோனி தரையில் சிந்தியதைத் தொட்டு நாக்கில் வைத்தான். கடல் உப்பு. பல்லிடுக்கில் நிலக்கரித் தூள் நெறுநெறுத்தது.

கிண்ணத்துக்குள் பார்த்தான். பாதிச் சோற்றைக் காணவில்லை.

விரலால் அள்ளிய தடம் இல்லை. மிச்சச் சோற்றில் மெல்லிய குழிகள், இரண்டிரண்டாக. ஜப்பானியர்போல் குச்சிகளால் எடுத்துத் தின்ற குழிகள்.

மச்சான் கையால்தான் சாப்பிடுவார்.

"அவருதானேடா வந்தாரு?"

ஒரு வருடமாக அவன் பார்க்காத சிரிப்பு அக்கா முகத்தில் இருந்தது.

"ஆமாக்கா," என்றான். "மச்சான்தான்."

"நான் எப்படிடா வருவேன்? நான் போயிட்டா அவருக்கு யாரு போடுவா?"

அவளே போய்ச் சுடுசோற்றைக் கொண்டுவந்து கிண்ணம் நிறையப் போட்டாள். மூடினாள்.

மூடிக்குள், எவர்சில்வரில் மரம் தட்டும் சத்தம்.

டிக். டிக்.

"பாவம், எவ்வளவு பசி பாரு," என்றாள் ஜெஸ்லின்.

டோனி அவள் கையைப் பிடித்தான். அவள் விடுவித்துக்கொண்டாள்.

அடுக்களை அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த வெறுங்கிண்ணங்களுக்குள்ளும், ஒவ்வொன்றாக, அந்தச் சத்தம் தொடங்கியது.