டப்பா மூடியில் ஒரு பொட்டு

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் விஜயஸ்ரீ நடத்தும் எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் கடைக்குள் முத்துராணி நுழைந்தபோதே, அழுது முடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று அங்கே வேலை பழகும் ஸ்டெபிக்குத் தெரிந்துபோனது. கல்லூரியில் முத்துராணி அவளுக்கு ஒரு வருஷம் இளையவள். லேசில் அழுகிற ஆள் கிடையாது.

"அக்கா, இது செத்துப்போச்சான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்தாள். மூடியில் சந்தனமும் குங்குமமுமாக ஒரு பொட்டு காய்ந்திருந்தது. உள்ளே விரல் நீளத்தில் ஒரு ஒயர்லெஸ் சர்க்யூட் போர்டு. கல்லூரி லேபுக்குச் சொந்தமானது. பழகிப் பார்க்கலாமென்று ஆயுத பூஜை லீவுக்கு வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறாள். திரும்பி வந்து செருகினால் சிவப்பு விளக்கு எரிகிறது. அதோடு சரி, போர்டு வேலை செய்யவில்லை.

"நல்லத வித்துட்டு ஓடாத ஒண்ணக் கொண்டாந்து வச்சிருக்கேன்னு லேப் பாக்குற முத்துசுப்பிரமணியன் சார் கிளாஸ் முழுக்கக் கேக்கச் சொல்லிட்டாரு. நாளைக்குள்ள நல்லது வரலைன்னா புராஜெக்ட் கண்காட்சிக்கு எங்கூடச் செய்யுற அபிஜித் மட்டும் போவானாம். எம் பேர அடிச்சிருவாராம்."

"ரெண்டு பிரியாணி வெல பெறாத சாமானுக்குக் களவாணிப் பட்டமா?" ஸ்டெபிக்கு மூக்கு விடைத்தது. "இது அந்த அபிஜித் வேலைதாங்க்கா. தனியாப் போயி பேர் வாங்கணும்னு கெடுத்திருப்பான்."

"அவன் கைக்கு இது எப்ப போச்சு?" என்றாள் விஜயஸ்ரீ, போர்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"போகவே இல்லக்கா. என் பையிலயேதான் கெடந்துச்சு. சார்தான் செருகிப் பாத்துட்டு எங்கிட்டத் தூக்கிப் போட்டாரு."

அபிஜித்மேல் சொன்னது நிற்காது என்று ஸ்டெபிக்குப் புரிந்தது. கோபம் மட்டும் இறங்க இடமில்லாமல் உள்ளேயே நின்றது.

விஜயஸ்ரீ ஒயரைச் செருகினாள். கணினித் திரையில் ஒரே ஒரு வரி வந்தது: புது புரோகிராமுக்காகக் காத்திருக்கிறேன் என்று போர்டு சொன்னது.

"அப்ப ஏத்திருவோம்," என்று ஸ்டெபி கீபோர்டை இழுத்தாள்.

"தொடாத. உள்ள இருக்க பழைய புரோகிராம்தான் இவளுக்குச் சாட்சி. அது மேல நீ எழுதிட்டா அழிஞ்சுபோவும்." விஜயஸ்ரீ முத்துராணி பக்கம் திரும்பினாள். "வீட்ல ஓடுச்சா?"

"பூஜைக்கு மொத நா சாயங்காலம் ஓடுச்சு. இது ஓடினா போன்ல 'மாஞ்சோலை'ன்னு ஒரு வைஃபை பேரு வரும். நான் வச்ச பேரு. அதுக்குள்ள போயி போன் திரையத் தொட்டா போர்டுல நீல லைட் எரியும். அம்மாவே எரிச்சுப் பாத்தாவ. போதும்மான்னாலும் விடல."

"இந்தப் பொட்டு?"

"பூஜைல அம்மா வச்சது. மாஞ்சோலை டீ எஸ்டேட்ட விட்டு விக்கிரமசிங்கபுரத்துக்கு எறங்கும்போது கொழுந்து வெட்டுத கத்திரியையும் கொண்டாந்துட்டாவ. அது, அருவா, கூட என் டப்பா, எல்லாத்தையும் பூஜைல வச்சாவ. தொறக்காதம்மா, கரண்டு சாமான்னு சொல்லியிருந்தேன்."

"கத்திரிக்குப் பொட்டு எங்க வப்பாவ? சாக்கு உறை மேலயா?"

முத்துராணி இதற்குப் போய்ச் சிரித்தாள். "உறைக்கு எவ வைப்பா? உறையக் கழத்தி, கழுவி, இரும்புல வப்பாவ."

விஜயஸ்ரீ டப்பாவை மூடினாள். "கெளம்புங்க, லேபுக்குப் போவோம்."

"சரி பண்ணாமலா?"

"இங்கன சரியாச்சுன்னா, கடையில வேற போர்டு வாங்கி மாத்திட்டான்னு சொல்லுவாரு. அவர் கண்ணு முன்னால நடக்கட்டும்."

லேபில் முத்துசுப்பிரமணியனும் அபிஜித்தும் இருந்தார்கள். சுவரோரம் வரிசையாக நின்ற கருவிகள் ஒவ்வொன்றின் நெற்றியிலும் பூஜைப் பொட்டு இருந்தது. விஜயஸ்ரீ ஒயரைச் செருகி, அந்த ஒரு வரியைச் சாரிடம் காட்டினாள்.

"செத்த போர்டு பேசாது சார். இது பேசுது. ரெண்டு பொத்தான் இருக்கு பாருங்க. ஒண்ணு, மொதல்லேருந்து ஆரம்பின்னு சொல்லும். இன்னொண்ண அமுக்கிக்கிட்டே கரண்ட் குடுத்தா, பழசை ஓட்டாத, புதுசு வருதுன்னு அர்த்தம். போர்டு அப்படியே காத்துக் கிடக்கும்."

"யாரும் அமுக்கலையே," என்றார் அவர்.

"விரல் இல்ல. வேற ஒண்ணு அமுக்கிட்டு இருக்கு. ஆயுதத்துக்குப் பொட்டு வைக்கிற அம்மா உறையோட விடமாட்டாங்க. டப்பாவத் தொறந்திருக்காங்க. போர்டு மேல இருக்க இந்தத் தகட்டுல ஒரு பொட்டு, விரல் பதியுற இந்தப் பொத்தான்ல ஒண்ணு. மக திட்டுவாளேன்னு ஈரத்துணியால துடைச்சு மூடிட்டு, அப்புறம் மூடியில ஒண்ணு வச்சிருக்காங்க. தகட்டுல இருந்தது போச்சு. பொத்தான்ல இருந்தது இடுக்குல எறங்கிக் காஞ்சுபோச்சு. அமுங்குனது மேல வரல."

முத்துராணி மூடியிலிருந்த பொட்டைத் திருப்பிப் பார்த்தாள். இந்நேரம் வரை யார்மேலோ இருந்த ஆத்திரத்தை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. அபிஜித்தைப் பார்க்காமல் ஸ்டெபி தரையைப் பார்த்தாள்.

விஜயஸ்ரீ ஊசியால் பொத்தானைச் சுற்றிப் பைய நெம்பினாள். மஞ்சளாய்ப் பொடி உதிர்ந்தது, சந்தனம் மணத்தது. டக்கென்று பொத்தான் மேலே வந்தது. ஒயரைக் கழற்றி மறுபடி செருகினாள்.

"சார், போன்ல ஒரு பேரு வருது," என்றான் அபிஜித். "மாஞ்சோலை. லீவுக்கு முன்னாடி நாங்க ரெண்டு பேரும் ஏத்துனதுதான். அதே போர்டு."

அவன் தொட்டான். நீல விளக்கு எரிந்தது.

முத்துசுப்பிரமணியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. வீட்ல சொல்லி வை. படிப்புச் சாமான்ல இந்த மாதிரி கை வைக்கக் கூடாதுன்னு."

ஸ்டெபி சுவரோரக் கருவிகளைக் காட்டக் கையைத் தூக்கினாள். அதற்குள் முத்துராணி முந்திக்கொண்டாள். குரல் உயரவில்லை.

"அப்படிச் சொல்லமாட்டேன் சார். அடுத்த வருஷம் எங்கன வைக்கணும்னு காமிச்சுக் குடுப்பேன், இந்த மெஷின்களுக்குப் பொட்டு வைக்க உங்களுக்கு யாரோ காமிச்சுக் குடுத்த மாதிரி." டப்பாவை எடுத்துக்கொண்டாள். "எம் பேர எழுதுங்க. இன்னைக்கு எல்லாரும் கேக்கச் சொன்னீங்கல்லா, நாளைக்கு கிளாஸ்ல இதையும் எல்லாரும் கேக்கச் சொல்லணும்."