ராட்சசன் பிடியில் ஒரு முகம்

ஹெராத் அரண்மனையின் சித்திரக்கூடத்துக்கு மஹ்யார் வந்தபோது பனி விட்டிருந்தது. தம்பி ஜாவித்தின் இடம் காலியாக இருந்தது. தங்கம் அரைக்கும் கிண்ணம் கழுவாமல் கிடந்தது. சோம்பேறி, போர்வைக்குள் சுருண்டு கிடப்பான் என்று நினைத்துக்கொண்டு மஹ்யார் தன் பலகை முன் உட்கார்ந்தான்.

அங்கே மலை வரைய ஒருவன், குதிரை வரைய ஒருவன். முகம் எழுதுவது மஹ்யாரின் வேலை. அரண்மனைக்காக எழுதிவந்த வீரகாவியத்தின் ஓர் ஏடு நேற்று அவனிடம் வந்தபோது நீல ராட்சசன்கூட முழுசாக இருந்தான், முறைக்கும் கண்ணோடு. மனிதர்களின் முகம் மட்டும் எழுதப்படாமல் வெள்ளையாக இருந்தது. ராட்சசனின் பிடியில் நசுங்கும் படைவீரனுக்குத் தம்பியின் முகத்தையே வைத்துவிட்டான், உதட்டோர மச்சம் உட்பட. கூடத்தில் எல்லோரும் செய்கிற குறும்புதான்.

"அடப்பாவி அண்ணா! போன மாசம்தான் கல்யாணம் ஆச்சு, அதுக்குள்ள என்னைப் பேய்க்குத் தீனியாப் போட்டுட்டியே!" என்று நேற்று அதைப் பார்த்து ஜாவித் வயிறு குலுங்கச் சிரித்திருந்தான்.

மஹ்யார் ஏட்டின் மேல் மூடியிருந்த துணியை விலக்கினான்.

படைவீரனின் வாய் திறந்திருந்தது.

அவன் எழுதியது மூடிய வாய்.

வாசலில் ஜாவித்தின் மனைவி பரந்துஷ், முக்காடு கலைய நின்றாள். "மாமா, அவருக்கு மூச்சே விட முடியல. விலாவுல நீல நீலமா... யாரோ விரலால அழுத்தின மாதிரி."

மஹ்யார் துள்ளி எழுந்தான். ஏட்டை அங்கிக்குள் வைத்துக்கொண்டு ஓடினான்.

தம்பியின் வீட்டில் ஈரக் கம்பளியும் மிருகமும் கலந்த நாற்றம். ஜாவித் கண்ணை மூடிக் கிடந்தான். வாய் மட்டும் ஏட்டில் இருந்தபடியே திறந்திருந்தது.

"இறுக்குதுண்ணா..."

விலா எலும்பு நெரியும் சத்தம் கேட்டது.

"அந்த முகத்தை அழிச்சிடுங்க மாமா!" என்று கத்தினாள் பரந்துஷ், அவன் எடுத்து விரித்த ஏட்டைப் பார்த்து.

"அழிச்சா இவன் என்ன ஆவான்மா?"

கை வரவில்லை. இப்படிப்பட்ட ஏடு வைத்திருப்பவர்கள், தங்கள் மேல் பார்வை படாமலிருக்க ராட்சசனின் கண்ணைச் சுரண்டிவிடுவார்கள். அது நினைவுக்கு வந்தது. விரலில் எச்சில் தொட்டு, அந்த இரண்டு கண்களையும் தேய்த்து எடுத்தான். ஒட்டிய சாயம் பனிக்கட்டியாய்ச் சுட்டது.

ஜாவித் இழுத்து மூச்சு விட்டான். ஏட்டில் ராட்சசனின் விரல்கள் விரிந்து கிடந்தன. படைவீரனைக் காணோம்.

மஹ்யார் வாய்விட்டு அழுதான். பரந்துஷ் சூடான பார்லிக் கஞ்சியை அவன் கையில் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்தப் போனாள்.

சுவரில் ஏதோ உரசியது.

கண் தெரியாத யாரோ உள்ளங்கையால் தடவித் தடவி வழி தேடி வருவதுபோல.

"தடவாதண்ணா," என்று ஜாவித் கண்ணைத் திறக்காமலே முனகினான். "கை ஜில்லுன்னு இருக்கு."

மஹ்யாரின் இரண்டு கைகளும் கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்திருந்தன. பரந்துஷ் கதவருகே நின்றாள்.

ஜாவித்தின் நெற்றியில் ஒரு நீலக்கோடு விழுந்தது. மூக்கின் மேல் மெல்ல இறங்கியது. கன்னத்தில் தயங்கித் தயங்கி எதையோ தேடியது.

உதட்டோர மச்சத்தைத் தொட்டதும் நின்றது.