உடையாத கண்ணாடிகள்

அணையின் அடிவாரத்தில் இருந்த இரும்புக் கதவு அன்று மதியம் தரையை உரசியது. ஒரு விரலால் தள்ளினாலே திறக்கிற கதவு. இன்று தோளைக் கொடுத்து முட்டியும், ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்குத்தான் வழி விட்டது. பொறியாளர் கதவு நிலையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே நீண்டு போகும் சுரங்கத்தில் ஈரச் சுண்ணாம்பு வாடையும், எங்கோ சொட்டும் நீரும், விளக்குக்கு விளக்கு நடுவே தேங்கிய இருட்டும் இருந்தன. வருடத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பாள். மற்ற நாளெல்லாம் மேலே அலுவலகத்தில் கணினி முன்னால். வயதான கான்கிரீட் உள்ளுக்குள் வீங்கும். எவ்வளவு வீங்கும், எங்கே விரியும் என்று கணிப்பதே அவள் வேலை. ஒவ்வொரு விரிசலுக்கும் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டு ஒட்டியிருக்கும். விரிசல் அசைந்தால் அது உடையும். பன்னிரண்டு வருடத்தில் ஒன்றுகூட உடைந்ததாகப் பதிவில்லை. அதை நம்பித்தான் அணை இன்னும் நாற்பது வருடம் தாங்கும் என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். அந்தத் தைரியத்தில்தான் மகளோடு அணைக்குக் கீழே குடியிருந்தாள்.

தினமும் விரிசல்களைப் பார்த்துப் பதிவு எழுதும் அளவு எடுப்பவர் முன்னால் போனார். கண்ணாடிகள் பளபளவென்று இருந்தன. ஒன்றில்கூடத் தூசி இல்லை.

"அண்ணே, இது எப்ப ஒட்டினது?"

"போன வாரம், மேடம்."

"பழசு?"

"உடைஞ்சிருந்துச்சு. உடைஞ்சா அன்னிக்கே மாத்திட்டு, நல்லா இருக்குன்னு எழுதிடுவேன். நம்ம மேல ஒரு குறை வரக் கூடாதில்ல?"

"எத்தனை மாத்தியிருப்பீங்க?"

அவர் யோசித்தார். "முன்னெல்லாம் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு. இப்ப வாரத்துக்கு ஒரு பெட்டி தீருது."

அவள் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

சுரங்கத்தின் கடைசியில், விளக்கு இல்லாத பக்கம், டிக் என்றது. மறுபடி டிக். கொஞ்சம் கிட்டே. ஆள் நடந்து வரும் நிதானத்தில், ஒவ்வொரு கண்ணாடியாக.

ஓடினாள். கதவு இன்னும் இறுகியிருந்தது. தலை நுழையவில்லை. கை மட்டும் போனது. இடுக்கில் வெயில். கீழே, வீட்டு மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள் மகள்.

"ஓடு பாப்பா." குரல் சுரங்கத்துக்குள்ளேயே திரும்பிப் போனது. கையை வெளியே நீட்டி, போ போ என்று ஆட்டினாள்.

டிக்.

பின்னால் அளவு எடுப்பவர் பழக்கதோஷத்தில் பையிலிருந்து புதுக் கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தார்.

டிக். கதவு மணிக்கட்டைக் கவ்வியது.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள். பதிலுக்குக் கையை ஆட்டினாள்.