முப்பது நாள் அறை

செவ்வாயில் ஒரு குடும்பம் பூனையைத் தத்தெடுத்தால், முதல் வேலையாக அந்த வீட்டின் அழைப்பு மணியை அணைத்துவிடுவார்கள். முப்பது நாளுக்கு மிக்ஸி ஓடாது. வருகிறவர்கள் செருப்போடு சேர்த்து உரத்த குரலையும் வாசலில் விட்டுவிட்டு வருவார்கள். புதுச் சென்னிமலைக் குடியிருப்பில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை.

காரணம் இருக்கிறது. முதல் பத்தாண்டுகளில் வந்து சேர்ந்த பூனைகளை மக்கள் ஆசையாக மடிக்கு மடி மாற்றிக் கொஞ்சினார்கள். அவை உணவைத் தொடாமல் ஒவ்வொன்றாக இறந்தன. குட்டி என்றால் எந்த மடியிலும் தூங்கிவிடும். வளர்ந்த பூனைக்கு ஏற்கெனவே ஒரு வீடு இருந்திருக்கும். அங்கே அதற்கென்று ஒரு மூலையும், பழகிய வாசனையும் இருந்திருக்கும். அதனால் குடியிருப்பு மன்றம் ஒரே வரியில் சட்டம் போட்டது: ‘ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்கு வந்த, வளர்ந்த எந்த உயிரையும் அவசரப்படுத்தக் கூடாது.’

இந்தச் சட்டத்தைக் காப்பதற்குத்தான் குடியமர்த்தி. குடம் போன்ற உடலும் மூன்று சக்கரமும் கொண்ட இடுப்பளவு எந்திரம். பூனையின் காதுக்குப் பின்னால் அரிசி அளவில் ஒரு நாடிச்சில்லு இருக்கும். இதயத்துடிப்பு, மூச்சு, இரத்தத்தில் பயம் சுரக்கும் அளவு மூன்றையும் அது அனுப்ப, குடியமர்த்தி கூட்டிக் கழித்து ஒரு மிரட்சி எண் சொல்லும். அறுபதுக்கு மேலே போனால் யாரும் நெருங்கக் கூடாது. இருபதுக்குக் கீழே வந்தால் அந்த உயிர் குடியமர்ந்துவிட்டது என்று பொருள்.

அன்று கோமளவல்லியின் வீட்டுக்கு ஒரே கப்பலில் மூன்று பேர் வந்திருந்தார்கள்.

இரண்டு பேர் பூனைகள். மூடப்பட்ட ஒரு விண்நிலையத்திலிருந்து மீட்கப்பட்ட ஜோடி. செம்பட்டை நிறத்தவன் துரு, வயது ஒன்பது. சாம்பல் நிறத்தவள் தூசி, வயது ஏழு. பிரிக்கக் கூடாது என்று கூண்டிலேயே எழுதியிருந்தது. அவர்களைப் பின்னறையில் விட்டு, விளக்கைத் தணித்து, ஒளிந்துகொள்ள இரண்டு பெட்டிகள் வைத்திருந்தார்கள்.

மூன்றாவது ஆள் மருமகள் மங்கையர்க்கரசி, சுருக்கமாக அரசி. கல்யாணம் திரைவழியாகவே முடிந்திருந்தது. செவ்வாயிலிருந்து பூமிக்கு அன்று ஒளி போய்ச்சேரப் பதினான்கு நிமிடம் ஆகும் என்பதால், மாப்பிள்ளையான கோமளவல்லியின் மகன் இளம்பரிதி முகூர்த்தத்துக்குப் பதினான்கு நிமிடம் முன்பே சம்மதம் சொன்னான். பிறகு ஏழு மாதப் பயணம், ஆழ்துயிலில். விழித்து ஆறு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அவளைக் கூடத்தில் நாற்பது பேர் நடுவே நிறுத்தியிருந்தார்கள்.

“ஏங்கண்ணு, சிரிச்ச மொகமா இரு. எல்லாருக்கும் காபி நீயே குடுத்துரு. என்ற மருமவ கையால குடிக்கோணும்னுதான் வந்துருக்காங்க,” என்றாள் கோமளவல்லி.

“ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்க,” என்றார் ஒருவர். ஓர் அத்தை அவள் கன்னத்தைக் கிள்ளி, “ஆளு எளைப்பா இருக்கறா, அடுத்த வருசம் பாருங்க, ரெண்டு ஆளாயிருவா,” என்று சொல்லச் சிரிப்பு வெடித்தது.

குடியமர்த்தி விரைந்து உருண்டு வந்தது. “குரலைத் தாழ்த்துங்கள். பின்னறையில் இருவர் மிரண்டிருக்கிறார்கள்.”

நாற்பது பேரும் குற்ற உணர்வோடு வாயைப் பொத்திக்கொண்டார்கள். “பாவம், வாயில்லா சீவன்,” என்று கிசுகிசுத்தார்கள்.

அரசி காபித் தட்டை மேசையில் வைத்தாள். ஆழ்துயிலுக்காகப் பயணிகள் எல்லோருக்கும் காதுக்குப் பின்னால் நாடிச்சில்லு வைப்பது வழக்கம். பூனைச் சில்லு செய்யும் அதே தொழிற்சாலைதான் அதையும் செய்கிறது.

“என்னோட எண் எவ்வளவு?” என்று கேட்டாள்.

“துரு எழுபத்தொன்று. தூசி அறுபத்தாறு. நீங்கள் எண்பத்தெட்டு.”

“நானும் ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்கு வந்தவதான். வளர்ந்தவதான்.”

குடியமர்த்தி சட்டத்தை ஒருமுறை படித்துப் பார்த்தது. அதில் பூனை என்ற சொல்லே இல்லை. பிறகு பின்னறைக் கதவைத் திறந்துவிட்டது. அரசி உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள்.

“இதென்ன கூத்து!” கோமளவல்லி கதவை நோக்கி ஓடினாள். குடியமர்த்தி குறுக்கே நின்றது. “வெளிய வா கண்ணு. மானம் போகுது. ஒம்போது நாள்ல கப்பல் திரும்புது, ஏத்திவிட்டுருவேன் பாத்துக்கோ!”

“ஏத்திவிடுங்க அத்தை,” என்று உள்ளிருந்து பதில் வந்தது. “தட்டைத் தூக்கிட்டு நிக்க மட்டும் வெளிய வரமாட்டேன்.”

“முப்பது நாள் முடியாமல் இடம் மாற்றவும் தடை,” என்றது குடியமர்த்தி.

கப்பல் அவள் இல்லாமலே திரும்பியது.

பூனைகளோடு பழகும் முறையைக் குடியமர்த்தி அரசிக்குச் சொல்லிக்கொடுத்தது. நேருக்கு நேர் பார்க்காதே. பெயர் சொல்லிக் கூப்பிடாதே. தரையில் உட்கார்ந்து உன் வேலையைப் பார். அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்து படித்தாள். நான்காம் நாள் துரு வெளியே வந்து சாப்பிட்டான். தூசி காவலிருந்தாள். பிறகு அவள் சாப்பிட, அவன் காவலிருந்தான். பதினொன்றாம் நாள் அரசியின் பாதத்தில் ஓர் ஈர மூக்கு பட்டது. அரசி அசையவில்லை. அன்றுதான் அவளும் தட்டை முழுதாகக் காலி செய்தாள்.

கதவுக்கு இந்தப் பக்கம் இளம்பரிதிக்கும் அதே பாடம்தான். அவன் சாப்பாட்டை வைத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தான். வாசனை பழகட்டும் என்று குடியமர்த்தி சொல்ல, தன் சட்டையைக் கதவிடுக்கில் நுழைத்தான். ஐந்தே நிமிடத்தில் அது வெளியே வந்தது.

“துவைச்சதைக் குடுங்க,” என்றாள் அரசி. அவர்கள் இருவரும் நேரடியாகப் பேசிய முதல் பேச்சு அது. இரண்டாவது பேச்சு அன்று மாலை வரை நீண்டது.

முப்பதாம் நாள் மூவரும் வெளியே வந்தார்கள். துரு பதினேழு, தூசி பதினெட்டு, அரசி பத்தொன்பது. துரு நேராகப் போய்க் கோமளவல்லியின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். அவள் அவனை விரட்டவில்லை. மருமகளைத் திட்டவும் இல்லை. கிளம்பத் தயாரான குடியமர்த்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங், நானும் கப்பல்ல வந்தவதான். நாப்பத்தொரு வருசம் ஆச்சு. எறங்குன அன்னிக்கே நூறு பேருக்குச் சமைச்சேன். அந்தச் சில்லு இன்னும் வேல செய்யுமா?”

“செய்கிறது,” என்றது குடியமர்த்தி. “வந்த நாள் எண் தொண்ணூறு. இன்றைய எண் அறுபத்தொன்று.”

கோமளவல்லி முந்தானையில் கையைத் துடைத்தாள். பின்னறைக்குப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

கூடத்திலிருந்து அவள் கணவர் சென்னியப்பனின் குரல் வழக்கம்போல எழுந்தது. “கோமளம், காபி என்னாச்சு?”

அவர் இன்னும் உரக்கக் கூப்பிட வாயெடுத்தபோது, மூன்று சக்கரங்கள் அவர் முன்னால் வந்து நின்றன.

“குரலைத் தாழ்த்துங்கள் ஐயா,” என்றது குடியமர்த்தி. “வீட்டில் ஓர் உயிர் புதிதாகக் குடியமர்கிறது.”