சலவைக் கடையில் ஒரு ஸ்வெட்டர்

ஈர விரலால் இஸ்திரிப் பெட்டியின் அடியைத் தட்டினாள். எப்போதும் 'சுர்'ரென்று கேட்கும். இன்று கேட்கவில்லை. பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. உள்ளங்கையையே வைத்துப் பார்த்தாள். பச்சைத் தண்ணீரைத் தொட்டது போலிருந்தது.

நீராவியும் சோப்பு வாடையும் கருகிய நூலின் நாற்றமுமாக, மற்றவர்களுக்கு நின்றாலே வியர்த்துக் கொட்டும் அந்தச் சலவைக் கடையில், ஒரு மாதமாக அவள் மட்டும் ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"ரத்தம் கம்மியா இருந்தாலும் குளிரும். தைராய்டு, சர்க்கரை, ரத்த ஓட்டம்னு எல்லாத்தையும் பாத்தாச்சும்மா. ஒரு குறையும் இல்ல" என்று போன வாரம் சொல்லியிருந்தார் டாக்டர். தெர்மாமீட்டர்தான் ஏறவே இல்லை. உதறிப் பார்த்துவிட்டு, பழசு என்று அதைத் தூக்கிப் போட்டார்.

"டாக்டரே சொல்லிட்டாரு, இனிமேலாவது போர்வைய எனக்கும் கொஞ்சம் குடு" என்று கணவன் கேலி செய்தான்.

நேற்று மட்டும் சற்று இதமாக இருந்தது. கடைப் பூனை அவள் மடியில் தூங்கிப்போயிருந்தது. எழுப்பப் போனபோது கட்டையாக விறைத்துக் கிடந்தது. வயசாகிவிட்டது என்றான் கணவன். அவளும் நம்பிவைத்தாள்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. கணவன் துணி கொடுக்கப் போயிருந்தான். பின்னறையில் மகள் பாடம் படிக்கும் முணுமுணுப்பு.

அடுத்த மேசையின் பெட்டி கொதித்துக்கொண்டிருந்தது. ஈர விரலை வைத்தாள். சுர்ரென்றது. விரலை எடுக்கவில்லை. வலிக்கவில்லை. சத்தம் தேய்ந்து, தேய்ந்து, அடங்கியது. பெட்டி சில்லிட்டது. அவள் நடுக்கம் கொஞ்சம் குறைந்திருந்தது.

பூனை.

வெடுக்கென்று விரலை எடுத்தாள். பின்னறையில் முணுமுணுப்பு நின்றிருந்தது. பிள்ளை கிட்டே வரக் கூடாது. தொடவே கூடாது.

பின்னாலிருந்து இரண்டு சின்னக் கைகள் இடுப்பை வளைத்தன.

"குளிருதாம்மா? நான் சூடாக்குறேன்."

"விடு பாப்பா. விடும்மா!"

பிரித்துவிடத்தான் அந்தக் கைகளைப் பிடித்தாள். பிடித்த கை விடவில்லை. இடுப்பிலிருந்து இதம் பரவியது. வயிற்றுக்கு. நெஞ்சுக்கு. பாதத்துக்கு. என்ன சுகம்! அழுகை வந்தது. தன் கையை இழுத்தாள். அவள் விரல்களோ இன்னும் இறுகின.

"இப்ப... குளிருதா... ம்மா?"

சின்னப் பற்கள் தந்தியடித்தன. பிறகு அந்தச் சத்தமும் இல்லை.

கண்ணாடிக் கதவில் இருவரும் தெரிந்தார்கள். அவள் கன்னம் சிவந்திருந்தது. இடுப்போரம் சாய்ந்திருந்த முகத்தில் உதடு நீலமாக இருந்தது.

ஸ்வெட்டருக்குள் அவளுக்கு வியர்த்தது.