கண்ணுக்குப் பின்னால்

கணினித் திரையின் மேல் விளிம்பில் முதலில் வந்தவை கால்விரல்கள். வெறும் அறையின் படத்தில் கால்விரல்களுக்கு என்ன வேலை என்று நாகேந்திரத்துக்கு விளங்கவில்லை.

வெள்ளவத்தையில், கடலோர ரயில் பாதையைப் பார்த்தபடி இருந்த அந்த மாடி அலுவலகத்தில் மற்றவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். மின்வெட்டு, கீழே ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருக்க, டீசல் வாடையும் உப்புக்காற்றும் ஜன்னல் வழியே வந்து சட்டைக் கொலரில் ஒட்டின. கணினி கணக்குப் போட்டு வரையும் படம் வரி வரியாக, ஆமை வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அது முன்மேசை ஷிப்லி நிரல் எழுதி உருவாக்கிய படம். நாளைக்கு அதைப் பார்த்துவிட்டு அலுவலகத் தலைவி டோரின் மிஸ் அவனைச் சிங்கப்பூர் வேலைக்கு அனுப்பப் போகிறார். நேற்று வந்த பொடியன் விமானம் ஏறுவான். நாகேந்திரம் இங்கேயே கிடந்து, செக்பொயின்ட் தோறும் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

அதனால்தான் ஷிப்லியின் நிரலில் ஒரேயொரு குறியைத் திருப்பிவைத்தான். அறையைப் பார்ப்பதாக நிரல் வைத்துக்கொள்ளும் கற்பனைக் கண்ணிலிருந்து கிளம்பும் கோடு எந்தத் தளத்தில், எவ்வளவு தூரத்தில் முட்டுகிறது என்பதுதான் கணக்கு. விடை நேர் எண் என்றால் பொருள் கண்ணுக்கு முன்னால். மறை எண் என்றால் முதுகுக்குப் பின்னால். அதைத் தள்ளிவிட வேண்டும். நாகேந்திரம் முன்னால் இருப்பதைத் தள்ளிவிட்டு, பின்னால் இருப்பதை விட்டுவைத்தான். பின்னால் வெறுஞ்சுவர்தான், அதுவும் தலைகீழாக விழும், டோரின் மிஸ் முகம் சுளிப்பார் என்று நினைத்தான்.

தலைகீழாகத்தான் விழுந்தது. கணுக்கால். பிறகு முழங்கால்.

ஷிப்லியின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தான்.

"ஷிப்லி, அறைக்குள்ள ஆள் ஆரையும் வைச்சனீரோ?"

"இல்ல அண்ணே, சுவர் மட்டும்தானே போட்டிருக்கேன். ஏன், படம் பிழையா வருதா?"

"இல்லை. நல்லா வருது."

ஜெனரேட்டர் சத்தத்துக்கு அடியில், நாற்காலிக்குப் பின்னால், தரைப்பலகை ஒருதரம் முனகியது. திரும்பிப் பார்க்கக் கழுத்து இணங்கவில்லை.

இடுப்பு. சட்டை. அவன் இப்போது போட்டிருக்கும் அதே சட்டை. முன்னே நீட்டிய இரண்டு கைகள். கழுத்து.

முகம்.

அவனுடைய முகம். ஷிப்லியின் பிடரியை மாதக்கணக்காக எந்தக் கண்ணால் பார்த்துவந்தானோ, அதே கண். இப்போது அது அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கைகளை மறுபடி பார்த்தான். மணிக்கட்டு வரை இருந்தன. அதற்கப்பால் விரல்களைக் காணவில்லை. கண்ணுக்குப் பின்னால் இருப்பதை மட்டும்தான் அந்தப் படம் காட்டும்.

அவை அவன் கண்ணைத் தாண்டி முன்பக்கம் வந்திருந்தன.