இரண்டு மணிக்கட்டுகளில் ஒரே பெயர்

"இன்னைக்குச் சாயங்காலம் வரச் சொல்லியிருக்காங்கம்மா. நீங்களும் கண்டிப்பா வரணும். உங்க கை இல்லாம வேலை நடக்காது."

மகள் இப்படிச் சொன்னபோது பெரியக்கா அடுப்பில் பாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தும் பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கியவள் துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தாள்.

பெரியக்கா என்பது ரொட்டித் தொழிற்சாலையில் ஒட்டிக்கொண்ட பெயர். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் எல்லாருக்கும் அவள் பெரியக்காதான், அவளைவிட மூத்த மேஸ்திரிக்கும் கூட.

மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த வாரம் கிளம்புகிறாள். போகுமுன் மணிக்கட்டில் அண்ணன் பெயரைப் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்று ஒரு வருஷமாகவே சொல்லிவந்தாள். பிறந்த மூன்றாம் நாளே ஆஸ்பத்திரியில் இறந்துபோன அண்ணன். அம்மா கையில் அந்தப் பெயர் எந்த எழுத்தில் இருக்கிறதோ, அதே எழுத்தில் தன் கையிலும் வேண்டும் என்பது அவள் ஆசை.

பெரியக்கா தன்னால் முடிந்த சாக்கையெல்லாம் சொல்லிப் பார்த்தாள். ஊசி சுத்தமாக இருக்காது, ரத்தத்தில் ஏதாவது ஒட்டிக்கொள்ளும், புது வேலையில் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்றாள். மகள் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாள். கடைக்கு மூன்று தடவை நேரில் போய்ப் பார்த்துவிட்டாள். ஆளுக்கு ஒரு புது ஊசி, கண் முன்னாலேயே பாக்கெட்டைப் பிரிக்கிறார்கள். அங்கே குத்திக்கொண்ட நாலு பேரிடம், ஆறின பிறகு எப்படி இருக்கிறது என்று கையைப் பிடித்துப் பார்த்துவிட்டாள். வேலை கொடுக்கும் இடத்திலும் கேட்டுவிட்டாள். ஊசி, மை, இடம், ஆள் என்று எல்லாவற்றையும் விசாரித்த பெண் பெயரை மட்டும் விசாரிக்கவில்லை. சொந்த அண்ணன் பெயரை யாரிடம் போய் விசாரிப்பாள், பாவம்.

"அதெல்லாம் வேணாம்னா வேணாம்," என்றாள் பெரியக்கா கடைசியில்.

பின்கட்டில் பழைய தண்ணீர் மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த கணவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். கப்பலில் என்ஜின் அறையில் பாதி ஆயுளைக் கழித்தவர். சத்தம் போட்டுப் பேசிப் பழகிய மனிதர் அன்று மெதுவாகப் பேசினார்.

"நான் அவன் முகத்தைப் பார்க்கலை. ஒரு போட்டோகூடக் கிடையாது. எனக்குன்னு இருக்கிறது அந்தப் பேர் ஒண்ணுதான். அதைத் தங்கச்சிக்காரி கையில எழுதிக்கிட்டா உனக்கு எங்க வலிக்குது?"

மாடிப்படியில் யாரோ நிற்பது தெரிந்தது. நாத்தனார் சிட்டு. கல்யாணமாகியும் அண்ணன் வீட்டு மாடியிலேயே குடியிருப்பவள். கார் பழுது பார்க்கும் அவள் புருஷன் அன்றும் காலையிலேயே பட்டறைக்குப் போயிருந்தார். முழுக்கை ரவிக்கையின் விளிம்பை இழுத்துப் பிடித்தபடி சிட்டு அண்ணியைப் பார்த்தாள். பிறகு சத்தமில்லாமல் மேலே ஏறிப் போய்விட்டாள்.

அந்தப் பெயர் இறந்த பிள்ளையின் பெயரே இல்லை. இது தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான், ஒருத்தி படியேறிப் போனவள், மற்றவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவள்.

சிட்டுவுக்குப் பத்தொன்பது வயதில் ஒரு சிநேகிதன் இருந்தான். அவன் பெயரைப் பச்சை குத்திக்கொண்டு வந்து நின்றாள். பெயர் ஆறி முடிவதற்குள் அவன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். சில மாதம் கழித்து நல்ல இடத்திலிருந்து கல்யாணப் பேச்சு வந்தது. தேநீர்க் கோப்பையை நீட்டும்போது ரவிக்கைக் கை மேலேறிவிட, மாப்பிள்ளையின் அம்மா அந்தப் பெயரைப் பார்த்துவிட்டாள். இது யார் பேர் என்று கேட்டாள்.

பெரியக்கா அப்போதுதான் பிள்ளையைப் பறிகொடுத்திருந்தாள். கணவர் நடுக்கடலில். சிட்டுவின் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தாள், அவ்வளவுதான், வாய் முந்திக்கொண்டது. என் பிள்ளை பேருங்க, போயிட்டான், இவதான் தூக்கி வச்சிருந்தா, அந்தப் பாசத்துல எழுதிக்கிட்டா என்றாள். அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் விவரமானவள். பெத்தவ கையில இல்லாமயா அத்தை கையில இருக்கு என்று கேட்டாள். இருக்கே என்று, கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சொல்லிவிட்டாள் பெரியக்கா. மறுநாளே போய், சிட்டு கையில் இருந்ததைப் பார்த்து அச்சாக அப்படியே எழுதிக்கொண்டு வந்தாள். யாரென்றே தெரியாத ஒருவனுடைய பெயர் அவள் கையில் ஏறியது. இறந்த பிள்ளையின் தலையிலும் ஏறியது.

கணவர் வந்ததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தாள். அவர் கல்யாணத்துக்கு முதல் நாள் வந்து இறங்கினார். சம்பந்தியம்மாள் முந்திக்கொண்டு ஆறுதல் சொல்லிவிட்டாள். அவர் மனைவியின் கையைப் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்து, அந்த மணிக்கட்டில் முகத்தைப் புதைத்து அழுதார். அழுகிறவரிடம் எதைச் சொல்வது... அன்று விழுங்கியதுதான், பிறகு வெளியே வரவே இல்லை. ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் போன் செய்யும்போது அந்தப் பெயரைச் சொல்லி, இந்நேரம் பள்ளிக்கூடம் போயிருப்பான், இந்நேரம் மீசை முளைத்திருக்கும் என்பார். அவளுக்கு உடம்பு கூசும். ஒருமுறை பட்டை அகலமான கைக்கடிகாரம் ஒன்று வாங்கி வந்தார். அதைக் கழற்றாமல் கட்டிக்கொண்டாள்.

ஆனால் ரொட்டித் தொழிற்சாலையில் கடிகாரம் கட்டக் கூடாது. மாவில் கை வைக்குமுன் முழங்கை வரை கழுவ வேண்டும். புதிதாகச் சேரும் ஒவ்வொரு பெண்ணும் குழாயடியில் அந்தக் கையைப் பார்த்து, யாரு பேருக்கா என்பாள். என் பையன் என்று சொல்லிச் சொல்லி, சொல்லும்போது முகம் மாறாமல் இருக்கப் பழகிவிட்டாள். அந்தப் பழக்கம் வந்ததுதான் எல்லாவற்றையும்விட அவமானம்.

மதியம் சிட்டு சமையலறைக்கு வந்தாள். கதவோரம் நின்று, என் வீட்டுக்காரர் முகத்துல எப்படி அண்ணி முழிப்பேன், அவங்கம்மா சாகுற வரைக்கும் உங்க பிள்ளையைச் சொல்லித்தான் என்னை மெச்சுனாங்க என்று அழுதாள். சொல்லிடாதீங்க என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. பெரியக்கா அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, நான் பார்த்துக்கறேன், போ என்றாள். எதைப் பார்த்துக்கொள்வாள் என்று அவளுக்கே தெரியாது.

சாயங்காலம் நாலு பேரும் போனார்கள். சிட்டு எதற்கு வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் ஒரு சின்ன அறை. பல் டாக்டர் நாற்காலி மாதிரி ஒரு நாற்காலி, சுவர் நிறையப் படங்கள், மருந்து வாடை. பச்சை குத்துகிற பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். சாப்பிட்டுவிட்டு வந்தாயா, மருந்து ஏதாவது எடுக்கிறாயா என்று மகளைக் கேட்டாள். ரெண்டு வாரம் சொறியக் கூடாது, வெயில் படக் கூடாது, மனசு மாறினால் இப்போதே எழுந்து போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்றாள். கணவருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. இவ்வளவு விவரமாக எங்கள் கப்பல் டாக்டர்கூடச் சொன்னதில்லை என்றார்.

பெரியக்கா கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அந்தப் பெண் மெல்லிய காகிதத்தை அவள் மணிக்கட்டில் படியவைத்து, பழைய எழுத்தின் மேலேயே பேனாவை ஓட்டினாள். கொஞ்ச நேரத்தில் அது ஊதா மை அச்சாகி மகளின் கையில் பதிந்தது. மகள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள். பெரியக்கா அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பேர் எழுதணும்னு யார் வந்தாலும் நான் ஒண்ணு கேப்பேன்மா," என்றாள் அந்தப் பெண், கையுறையை மாட்டியபடி. "பேரை மூடிவிடச் சொல்லி வர்றவங்கதான் எனக்குப் பாதி வேலை. அதனால கேக்கறது. இவரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுங்க. பெத்தவங்க நீங்களே சொல்லுங்க."

இத்தனை வருஷம் குழாயடியில் தடையில்லாமல் வந்த பொய் அன்று வரவில்லை.

"அழிச்சிடும்மா," என்றாள். "அதை அழிச்சிடு."

கணவர் எழுந்தே விட்டார். "பெத்த பிள்ளையோட பேரைச் சொல்ல உனக்கு வெக்கமா இருக்கா?"

"வெக்கமாத்தாங்க இருக்கு." அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "அது நம்ம பிள்ளை பேரே இல்ல. எனக்கு... எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் பேரு. பிள்ளை மேல பழியைப் போட்டு எழுதிக்கிட்டேன். என்னை என்ன வேணா சொல்லுங்க. அவ கையில மட்டும் அது வேணாம்."

மகள் அம்மாவை யாரோ மாதிரிப் பார்த்தாள். கணவர் மேஜையில் கிடந்த கைக்கடிகாரத்தை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. இப்படியே முடிந்துபோகட்டும், சிட்டுவாவது பிழைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்து நின்றாள்.

சிட்டு முன்னால் வந்தாள். நாற்காலியின் கைப்பிடி மேல், மகளின் கைக்குப் பக்கத்தில், தன் கையை வைத்து ரவிக்கைக் கையை மேலே தள்ளினாள்.

"பொய் சொல்றாங்க அண்ணா. அவன் எனக்குத் தெரிஞ்சவன். அண்ணி அவனைக் கண்ணால பார்த்ததுகூட இல்ல." நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "பொண்ணு கேட்டு வந்தவங்க முன்னாடி நான் மாட்டிக்கிட்டேன். இவங்க செத்துப்போன பிள்ளையைக் கொண்டாந்து என் முன்னாடி நிறுத்தி என்னைக் காப்பாத்துனாங்க. அந்தப் பொய்யை மெய்யாக்க எவன் பேரையோ கையில எழுதிக்கிட்டாங்க. இன்னைக்குக் காலையில படியில நின்னு எல்லாத்தையும் கேட்டேன். அப்பவும் வாயைத் திறக்கலை. இதோ இப்பவும் எனக்காகக் கெட்ட பேர் வாங்கிக்கிறாங்க... நான் மனுஷியே இல்ல அண்ணா."

அவள் அண்ணியின் காலில் விழப் போனாள். பெரியக்கா பாதியில் பிடித்து நிறுத்தி அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். பச்சை குத்துகிற பெண் ஒன்றும் கேட்காமல் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து மகளின் கையைத் துடைத்தாள். முழுசாகப் போக ஒருநாள் ரெண்டுநாள் ஆகும், தேய்க்காதே, தானாகப் போய்விடும் என்றாள். மகள் ஊதா நிழல் தெரிந்த கையோடு எழுந்து வந்து அம்மாவின் தோளில் சாய்ந்தாள்.

கணவர் அங்கே இல்லை.

கீழே தெருவில், மூடிய கடை வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெரியக்கா போய்ப் பக்கத்தில் உட்காரத் துணியாமல் நின்றாள். அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்," என்றார்.

"சொல்லத்தான் இருந்தேன். நீங்க இந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதீங்க. உங்ககிட்ட இருந்த ஒண்ணே ஒண்ணை எப்படிப் பிடுங்குவேன்?"

அவர் எதிர்ச்சுவரைப் பார்த்தார். எவனோ ஒருவன் பெயரைச் சொல்லிக் கடல் நடுவே உட்கார்ந்து பிள்ளையோடு பேசிய நாட்களெல்லாம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவமானத்தில் அவர் காது சிவந்திருந்தது.

"அப்ப அவன் பேரே இல்லாமயா போனான்?"

"இருந்துச்சுங்க." அவள் குரல் அடங்கியது. "ஆஸ்பத்திரியில மூணு நாளும் நான் கூப்பிட்டேன். எறும்புன்னு. அவ்வளவு சின்னவன். ஆனா விரலைக் கொடுத்தா பிடிச்ச பிடியை விட மாட்டான். எறும்பு கடிச்ச மாதிரி அப்படியே தொங்குவான். நர்ஸம்மாகூடச் சிரிப்பாங்க."

அவர் அவள் பக்கம் திரும்பினார். பிள்ளை விரலைப் பிடித்தான் என்பதையே அவர் இன்றுதான் கேட்கிறார். அந்தப் பெயர் வந்து நின்ற நாளிலிருந்து அவள் பிள்ளையைப் பற்றிப் பேசவே பயந்திருந்தாள்.

"எறும்பு," என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "எந்த விரலு?"

அவள் சுண்டுவிரலை நீட்டினாள். அதைப் பிடித்துக்கொண்டு அவர் தெருவென்றும் பாராமல் அழுதார். பிறகு சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து, எழுத்து இல்லாத வலது கையில் கட்டிவிட்டார்.

வீட்டு வாசலில் சிட்டு செருப்பைக் கழற்றிவிட்டு மாடிப்படியை அண்ணாந்து பார்த்தாள். மேலே விளக்கு எரிந்தது. அவள் புருஷன் வந்துவிட்டார். பெரியக்கா வழக்கம்போல அவளுக்கு முன்னால் படியில் கால் வைத்தாள்.

"இந்தத் தடவை நீங்க வர வேண்டாம் அண்ணி," என்று சொல்லி, அவளைக் கடந்து சிட்டு தனியாக ஏறிப் போனாள். காலையில் மாப்பிள்ளை பட்டறைக்குக் கிளம்பும்போது முகம் சுண்டித்தான் இருந்தது. ஆனாலும் சமையலறை வாசலில் நின்று, அக்கா, போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒருநாளும் அப்படிச் சொல்லிக்கொண்டு போகிறவர் இல்லை அவர்.

அன்று தொழிற்சாலையில் ஒரு புதுப் பெண் சேர்ந்திருந்தாள். குழாயடியில் சோப்பு நுரைக்கு நடுவே அவள் கண் பெரியக்காவின் மணிக்கட்டுக்குப் போயிற்று.

"யாரு பேருக்கா?"

"தெரியலையேம்மா. நான் அவனைப் பார்த்ததுகூட இல்ல."

அந்தப் பெண் கேலியென்று நினைத்துச் சிரித்தாள். பெரியக்காவும் சிரித்துக்கொண்டே கையை நன்றாகத் தேய்த்து அலம்பினாள்.

"என் பையன் பேரு வேற," என்றாள்.

"என்ன பேரு?"

பெரியக்கா குழாயை மூடினாள். மாவு மேஜைப் பக்கம் போகிற வழியில், எல்லாருக்கும் கேட்கும்படி அந்தப் பெயரைச் சொன்னாள்.